மூணாந்தடவை

இந்தப் பையைத்தான பாக்கே? நல்லாப் பாரு தாயி. மலையேறப் போற வெள்ளைக்காரப் பயலுவ முதுகுல மாட்டுத பை. நூல்சீலை கட்டின ஒரு சங்கரன்கோவில் கெழவி முதுகுல இது எப்படி ஏறிச்சுன்னு யோசிக்கே, அதான? நானா வாங்கல. என் மவன் வாங்கிக் குடுத்தான். கோமதிநாயகம்னு எங்க அம்மன் பேரை வச்சு வளத்தேன். இங்க ஆபீஸ்ல அவனை 'கோம்'னு கூப்பிடுதானுவ. அவனும் வெக்கமில்லாம 'என்ன'ன்னு திரும்பிப் பாக்கான்.

உக்காரு, உக்காரு. விமானத்துக்கு இன்னும் கூப்பிடல. மெட்ராசா ஒனக்கு? சிங்கப்பூர்ல எறங்கி மாறணுமாமே, நீயும் அதேதானே? நல்லதாப் போச்சு. என் பேரு சண்முகவடிவு. யார்ட்டயாவது சொல்லலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். அம்புட்டுக் கோவம். காலையில இருந்து பச்சத்தண்ணி எறங்கல.

விசயம் என்னன்னா, மவனுக்கு ஆம்பளப்பிள்ளை பெறந்திருக்கு, இந்தச் சிட்னியில. பிள்ளையப் பாத்துக்கிட ஊர்ல இருந்து நானும் வந்தேன், மருமவ வைசாலியோட அம்மாவும் வந்தா. சொர்ணம்னு பேரு, கோவில்பட்டிக்காரி. சம்பந்தி மொறைக்கு நான் அவளை மதினிம்பேன், அவ என்னை மதினிம்பா. மவன் வீடு தீப்பெட்டி கணக்கா இருக்கு. ஒரு அறை, ஒரு கூடம். கூடத்துல நாங்க ரெண்டு பேரும் தலைமாடு கால்மாடாப் படுத்துக் கெடந்தோம். அடுத்த மாசம் மருமவ வேலைக்குப் போவணும். அப்ப மவன் சொன்னான், "ரெண்டு பேருக்கு வீட்டுல எடம் பத்தாதும்மா. யாராவது ஒருத்தர் இருந்து பிள்ளையப் பாத்துக்கிட்டாப் போதும். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

இதுல பேச என்ன எளவு இருக்கு? பேரன் எங்க வீட்டுப் பிள்ளை. எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு. ஊர்ல நானும் செவுரும்தான் மொகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கோம். எனக்கு அந்தப் பிள்ளைட்ட இருக்கணும். மனசு பூரா அதுதான், ஒளிக்காமச் சொல்லுதேன். ஆனா அதை நானா வாய்விட்டுக் கேப்பனா? மாப்பிள்ளையப் பெத்தவ தாயி நான்! அவங்கல்லா என்னைக் கேக்கணும்?

கூறுகெட்ட பய என்ன செஞ்சான்? பையி ரெண்டை வாங்கியாந்தான். "நான் படிக்க வந்த காலத்துல இப்படித்தாம்மா முதுகுல மாட்டிக்கிட்டு ஊர் ஊராச் சுத்தினேன். நீங்க ரெண்டு பேரும் அடுப்படியே கதின்னு கெடக்கீங்க. போயி கான்பெரா, மெல்போர்ன் எல்லாம் பாத்துட்டு, அப்படியே கடலோர ரோட்டுல ஒரு சுத்துச் சுத்திட்டு, பேசி முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னான். எனக்குத் தெரியாதா? வீட்டை விட்டுத் தள்ளுததுக்கு ஒரு சாக்கு. அந்தச் சொர்ணம் நச்சரிப்புத் தாங்காமத்தான் அனுப்பினான். கொழம்புல புளி தூக்கலா இருக்கு, பிள்ளைக்குத் தலை நனைச்ச நேரம் சரியில்ல, தொட்டில் கட்டின மொறை சரியில்லன்னு நான் ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னா, அவ மொகத்தைத் தூக்கி வச்சுக்கிடுவா. நான் வாயே தொறக்காதவ.

இங்க பாரு, எங்க ஊர்ல ஒரு மொறை உண்டு. ஒங்க பக்கத்துலயும் இருக்கும், நீ இப்பத்தவ, ஒனக்குத் தெரியாது. கல்யாண வீட்டுல "சாப்பிட வாங்க"ன்னு கூப்பிட்டா ஒடனே எந்திரிச்சுப் போவமா? "இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்தேன்"னு சொல்லணும். வயிறு ஒட்டிக் கெடக்கும், அது வேற விசயம். ரெண்டாந்தடவை கூப்பிடுவா. "இருக்கட்டும், பெறவு பாப்போம்"னு சொல்லணும். மூணாந்தடவை வந்து கையப் பிடிச்சு இழுப்பா. அப்ப, "நீங்க இவ்வளவு சொல்லுததுனால"ன்னு எந்திரிக்கணும். மொதக் கூப்பாட்டுக்கே ஓடிப்போயி எலைமுன்ன உக்காந்தா, காணாததைக் கண்டவன்னு ஊரே சிரிக்கும்.

சாப்பாட்டுக்கு மட்டும்னு நெனைக்காத. கல்யாணமான புதுசுல மாமியாட்டச் சண்டை போட்டுட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன். எங்க வீட்டுக்காரரு வந்து கூப்பிட்டாரு, வரமாட்டேன்னுட்டேன். மறுபடி வந்தாரு, அடுப்படிய விட்டு வெளியவே வரல. மூணாந்தடவை மழையில தொப்பலா நனைஞ்சு வந்து நடையில நின்னாரு. அப்பத்தான் செருப்ப மாட்டினேன். அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு தாயி. அவரு பெத்த பிள்ளைக்குத் தெரியல.

என்னது? காப்பியா? வேண்டாம், வேண்டாம். நீ குடி.

எங்க விட்டேன்? ஆங், கான்பெரா. நாட்டுக்கே தலைநகரமாம். பட்டப்பகல்ல ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. ஆடித்தபசுத் திருநாள் முடிஞ்ச மறுநாள் எங்க தெரு கூட இதைவிடக் கலகலன்னு இருக்கும். அங்க ஒரு சத்திரத்துல படுக்கை போட்டிருந்தான் மவன். ரயில்ல இருக்கே, அந்த மாதிரி கீழ ஒண்ணு மேல ஒண்ணு. நான் மரியாதைக்கு, "நீங்க கீழ படுங்க மதினி"ன்னேன். "ஐயோ, ஒங்களுக்கு மொழங்கால் வலியில்லா, நீங்க கீழ படுங்க"ன்னா. "பரவாயில்ல, நீங்க படுங்க"ன்னேன். "இல்ல மதினி"ன்னா. "சொன்னாக் கேளுங்க"ன்னேன். படுத்துட்டா! அவ்வளவுதான், போர்வைய இழுத்துப் போத்திக் கொறட்டை விட ஆரம்பிச்சுட்டா. நான் அந்த இரும்பு ஏணியில, எங்க அம்மனக் கூப்பிட்டுக்கிட்டே, ஒவ்வொரு படியா ஏறுதேன். எதுத்த கட்டில்ல ஒரு வெள்ளைக்காரப் பய காதுல என்னத்தையோ மாட்டிக்கிட்டு ஆடிக்கிட்டுக் கெடக்கான். இந்த மாதிரி ஒரு அவமானம் எனக்கு எந்தச் சென்மத்துலயும் வந்ததில்ல.

மறுநாள் சத்திரத்து அடுப்படியில ஒரு பொம்பளப்பிள்ள, எந்த நாட்டுக்காரியோ, மூக்குல வளையம் மாட்டினவ, சட்டி நெறைய சேமியா மாதிரி என்னத்தையோ கிண்டி வச்சிருந்தா. தக்காளி போட்டு நல்லா வாசமாத்தான் இருந்துச்சு. எங்களைப் பாத்துத் தட்டை நீட்டினா. நான் வேண்டாம்னு தலைய ஆட்டினேன். சொர்ணம் இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்குத மாதிரி நின்னவ, "தேங்க் யூ"ன்னு வாங்கிட்டா! மொத நீட்டுலயே! அந்தப் பிள்ளை மறுபடி எம் பக்கம் திரும்பணும்லா? திரும்பல. உக்காந்து, சட்டியோட வழிச்சுத் தின்னுச்சு. நான் தண்ணியக் குடிச்சுட்டு, பையில இருந்த முறுக்கக் கடிச்சேன். பல்லு வலிச்சதுதான் மிச்சம். இந்த ஊரே இப்படித்தான் தாயி. ஒரு தடவை வேண்டாம்னு சொன்னா, வேண்டாம்னு எடுத்துக்கிடுதாங்க. மனுச மக்க பழகுத லட்சணமா இது?

நீயும் அப்படித்தான் இருக்கே. ஒரே ஒரு தடவைதான் கேட்ட, காப்பிய முழுசாக் குடிச்சுட்ட. சும்மா சொன்னேன், சிரி.

மெல்போர்ன்ல டிராம் வண்டி ஓடுது. சொர்ணம் அதுல ஏறி எறங்கி ஏறி எறங்கிச் சின்னப்பிள்ளையாட்டம் பல்லைக் காட்டுதா. ஐஸ் கிரீம் வாங்கி நக்கிக்கிட்டே நடக்கா. ரோட்டுல வாத்தியம் வாசிக்கவன் முன்ன நின்னு கையத் தட்டுதா. நான் அந்த ஊருல ஒண்ணையும் பாக்கல. அவளைத்தான் பாத்தேன். எப்பப் பேச்ச எடுப்பா, எப்ப "நீங்க இருங்க மதினி"ன்னு ஆரம்பிப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எடுக்கல. எனக்கு உள்ளுக்குள்ள கொதிக்குது. பேரனுக்கு இப்ப எண்ணெய் தேய்ச்சு விட்டிருப்பாங்களா, வயித்தைப் பிடிச்சு அழுதிருக்குமான்னு எனக்கு அதே நெனப்பு. அவ ஐஸ் கிரீம் நக்குதா.

பெறவு கடலோர ரோடு. ஒரு சின்ன வேன், எங்களோட ஏழெட்டுப் பேரு. டிரைவர் வயசானவன், தொப்பி வச்சவன். முன் சீட்டுல யாரு உக்காருதீங்க, கடல் நல்லாத் தெரியும்னு எங்க ரெண்டு பேரையும் பாத்துக் கேட்டான். கையக் காட்டிக் கேட்டதுல எனக்கே வெளங்குச்சு. நான், "பரவாயில்ல"ன்னு கைய ஆட்டினேன். அந்த மூதி மறுபேச்சு இல்லாம சொர்ணத்துக்குக் கதவைத் தொறந்து விட்டான். ஆக, ஒலகமே வந்து பாக்குத ரோடுன்னு மவன் சொன்னானே, அந்த ரோடு பூரா நான் பாத்தது சொர்ணத்தோட கொண்டைதான். அவ கடலப் பாத்து "ஆத்தாடி, ஆத்தாடி"ங்கா. நான் வளைவுக்கு வளைவு வாந்தி வராம வாயைப் பொத்திக்கிட்டு வாறேன். நடுவுல எறக்கி, மரத்துல ஒரு கரடிக்குட்டி தூங்குதுன்னு காட்டினான். அது பாட்டுக்குத் தூங்குது, எல்லாரும் அண்ணாந்து படம் எடுக்கானுவ. எங்க ஊர்ல வேலைக்குப் போவாம இப்படித் தூங்குதவன் தெருவுக்கு நாலு பேரு இருக்கான்.

கடைசியில, கடலுக்குள்ள பாறை நிக்குத எடம். பன்னெண்டுன்னு பேராம். எண்ணிப் பாத்தேன், அம்புட்டு இல்ல. கேட்டா, மத்ததெல்லாம் விழுந்துட்டாம். விழுந்தாப் பேர மாத்த வேண்டியதுதானே? காத்து ஆளைத் தூக்குது. சீலைய ஒரு கையில, தலைய ஒரு கையில பிடிச்சுக்கிட்டு நிக்கேன். அங்க வச்சுத்தான் சொர்ணம் பேச்ச எடுத்தா.

"மதினி, நீங்களே இருந்து பிள்ளையப் பாத்துக்கிடுங்க. ஒங்க வீட்டு வாரிசு"ன்னா.

அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. இப்பவாச்சும் மொறை தெரிஞ்சுச்சேன்னு. நானும் மொறைப்படி, "அதெப்படி மதினி, நீங்க இருங்க"ன்னேன்.

"இல்ல மதினி, மாப்பிள்ளைக்கும் ஒங்க கைச்சாப்பாடுன்னாத்தான் பிடிக்கும். நீங்கதான் இருக்கணும்"ன்னா. ரெண்டாச்சு.

"மவ பிரசவத்துக்குத் தாயி இருக்கதுதான் வழக்கம். நீங்களே இருங்க"ன்னேன். சொல்லிட்டு, காத்துக்கிட்டு நிக்கேன். மூணாவது வரணும். வந்ததும் என்ன சொல்லணும்னு கூட மனசுல வச்சிருந்தேன். 'நீங்க இவ்வளவு சொல்லுததுனால சரி மதினி, தீவாளி வரைக்கும் இருக்கேன்'னு.

 அவ என் மொகத்தப் பாத்து, "நெசமாவா மதினி சொல்லுதீங்க?"ன்னா.

இது மூணாவதா? நீயே சொல்லு. "நெசமாவா"ன்னு கேக்கதும் "நீங்க இருங்க"ன்னு கூப்பிடுததும் ஒண்ணாவுமா? ஆவாது! நான், "நெசமாத்தான்"னேன். வேற என்ன சொல்லுவேன்? "இல்ல, சும்மா சொன்னேன்"னா சொல்ல முடியும்?

ஒடனே என் ரெண்டு கையவும் பிடிச்சுக்கிட்டு அழுதா தாயி. மூத்த மவன் வீட்டுல மருமவ இவகூடப் பேசியே வருசக்கணக்காச்சாம். சோத்தத் தட்டுல போட்டு மூடி வச்சுட்டுப் போயிருவாளாம். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவணுமேன்னு இங்க வந்ததுல இருந்து ராத்திரி உறக்கமே இல்லையாம். "ஒங்களுக்குத்தான் பெரிய மனசு மதினி. கேக்காமலே குடுத்துட்டீங்க"ன்னு என் தோள்ல சாஞ்சு ஏங்கி ஏங்கி அழுதா. அந்தத் தொப்பிக்காரன் வேற, நாங்க கடலப் பாத்து உருகிட்டோம்னு நெனைச்சுப் படம் எடுத்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கும்தான் அழத் தெரியும். நான் அழுதனா?

சிட்னிக்கு வந்ததும் வராததுமா மவன்ட்ட அவளே சொல்லிட்டா. மருமவ அடுப்படியில, பிள்ளையத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே, "நீங்களும் இருந்தா நல்லா இருக்கும் அத்தை. இவன் ஒங்க சத்தம் கேட்டாத்தான் அழுகைய நிறுத்துதான்"ன்னா. நான், "அதான் ஒங்கம்மா இருக்கால்லா"ன்னேன். அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு அறைக்குள்ள போயிட்டா. பெத்தவ இருக்கான்னதும் மாமியா நான் வேண்டாதவளாயிட்டேன், பாத்துக்கோ.

மவன் வந்து பக்கத்துல உக்காந்தான். "அம்மா, ஊருக்குப் போறேன்னு நெசமாத்தான் சொல்லுதியா?"ன்னான். இவனும் அதே 'நெசமா'! "ஆமா"ன்னேன். "சரிம்மா"ன்னான்.

அந்தச் 'சரிம்மா' இருக்கே, அதை நெனைச்சா இப்பவும் வயிறு பத்திக்கிட்டு எரியுது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. அங்கனயே, என் கண்ணு முன்னயே, போனை எடுத்து டிக்கெட்டப் போட்டுட்டான். "சன்னல் சீட்டு வேணுமாம்மா?"ன்னு கேக்கான். நான் "வேண்டாம்"னேன். அதுவும் சரியாம்.

இன்னைக்குக் காலையில பிள்ளையத் தூக்கினேன். இந்த நடுவெரல மூடிப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னுட்டான். அந்த ஒண்ணுதான் அந்த வீட்டுல என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு. அதையும் அவங்கப்பன்தான் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு விட்டான், "நேரமாச்சும்மா"ன்னு.

எங்க ஊர்ல விருந்தாளி கெளம்புதேன்னு சொன்னா நாங்க என்ன செய்வோம்? பையப் பிடுங்கி உள்ள வச்சுப் பூட்டுவோம். "இன்னைக்கு எப்படிப் போறன்னு பாக்கேன்"னு வாசல மறிச்சு நிப்போம். இவன் இந்த ஏர்போட்டு வாசல்ல வந்து காரை நிறுத்தினான். எறங்கி வந்தான். பைய எடுத்தான். கையில வச்சுக்கிட்டு ஒரு நிமிசம் நின்னான்.  வண்டிக்குள்ள திரும்பப் போட்டிருவான்னு பாக்கேன். "இருக்கியாம்மா? இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல, டிக்கெட்ட மாத்திரலாம். கூடத்துல நான் படுத்துக்கிடுதேன்"ன்னான்.

நல்லாக் கேட்டுக்கோ. அவன் கேட்டான். இல்லைன்னு சொல்லல. ஆனா என் வாயி இருக்கே, இந்தப் பாழாப்போன வாயி, அவன் முடிக்கதுக்கு முன்ன "வேண்டாம்"னு சொல்லிட்டுது.

அதுக்கு அவன் என்ன சொல்லணும்? "நீ சும்மா இரு, ஒனக்கு ஒண்ணும் தெரியாது, ஏறு வண்டியில"ன்னு அதட்டணும். இவன் என்ன சொன்னான் தெரியுமா? "சரிம்மா. நான் வற்புறுத்த மாட்டேன். ஒன் முடிவ நான் மதிக்கேன்"ன்னான். மதிக்கானாம்! எவன் கேட்டான் இவன் மதிப்ப? எனக்கு என்னத்துக்கு எளவு முடிவு? பைய என் முதுகுல மாட்டி விட்டு, வார் தோள்ல அறுக்குதான்னு இழுத்துச் சரி பண்ணி, நெஞ்சுக்கு நேரா ஊர் சுத்தினப்ப நான் தொடாத அந்தக் கொளுவியையும் மாட்டி விட்டான் தாயி. சோதனை போடுத எடத்துல நின்ன பொம்பளதான் கழட்டி, மறுபடி அவளே மாட்டி விட்டா. இதப் பாரு, கழட்டக் கூடத் தெரியல எனக்கு. அதான் உக்காந்தும் பையோட உக்காந்திருக்கேன்.

கூப்பிடுதாங்களா? நம்ம விமானமா? இரு, இரு. பச்சப்பிள்ளைக்காரங்கதான மொதல்ல போறாங்க. நமக்கு நேரம் இருக்கு.

ஏ, போன் அடிக்குது. அவன்தான். படம் வருதுல்லா, பிள்ளையத் தூக்கி வச்சிருக்க படம், அது அவன்தான்.

எடுக்க மாட்டேன். ஒரு அடிக்கே எடுத்தா என்ன நெனைப்பான்? கெழவி போனக் கையில வச்சுக்கிட்டே காத்துக் கெடந்தாளாக்கும்னு நெனைப்பான். அடிக்கட்டும். நின்னுட்டா நிக்கட்டும்.

நின்னு போச்சு.

மறுபடி அடிப்பான் பாரு. எனக்கு என் பிள்ளையத் தெரியும்.

பாத்தியா! அடிக்கான்! சொன்னம்லா? பெத்த பிள்ளை தாயி, எங்க போவான்? இல்ல, எடுக்காத, எடுக்காத. கைய எடு. இது ரெண்டாவதுதான். இன்னொருக்க அடிக்கட்டும். மூணாவதுக்கு எடுத்து, "நீ இவ்வளவு சொல்லுததுனால சரி, வண்டியத் திருப்பிக் கொண்டா"ன்னு சொல்லிருவேன். சத்தியமாச் சொல்லிருவேன். இந்தக் கொளுவிய மட்டும் எப்படிக் கழட்டுததுன்னு செத்தப் பாரேன்.

இதுவும் நின்னு போச்சு. நீ போயி வரிசையில நில்லு. ஒனக்கு எதுக்கு என்னால நேரமாவணும்? நான் இங்கன இருக்கேன். அடிப்பான்.

என்ன, டிங்குன்னு ஒரு சத்தம்? எழுத்து வந்திருக்கா? இங்கிலீசு எழுத்துல தமிழப் போட்டு அனுப்புவான், எனக்கு வெளங்காது. நீ படி.

"நீ ஏறியிருப்பேன்னு நெனைக்கேன்மா. பத்திரமாப் போயிட்டு வா."

அவ்வளவுதானா? கீழ இன்னும் ஏதாவது போட்டிருப்பான் தாயி. நல்லாத் தள்ளிப் பாரு.